எழுபது வயது கெமிஸ்ட்டை யார் சோதிப்பது?

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு பெண் கேட்டிருந்தார். அவருடைய அப்பா நாற்பது வருடமாக ஒரே கெமிஸ்ட்டிடம்தான் மருந்து வாங்குகிறாராம். அந்த மருந்தாளுநருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். "அவர் படித்து முடித்தபோது மண்டேலா சிறையில் இருந்தார். அதற்கப்புறம் எத்தனை மருந்து வந்துவிட்டது! அவர் இன்னும் இந்த வேலைக்குத் தகுதியானவர்தானா என்று யாராவது பார்க்கிறார்களா? அப்பாவிடம் கேட்டால், 'அவர் கை ராசியான கை' என்று சொல்லி என் வாயை அடைத்துவிடுகிறார்."

நியாயமான கேள்வி. முப்பது வருடத்துக்கும் மேலாக டர்பனில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். அதில் பல வருடம் பயிற்சி மாணவர்களுக்கு டியூட்டராக இருந்தேன். என் தலையும் நரைத்துவிட்டது. அதனால் இந்தக் கேள்வி கொஞ்சம் என்னையும் பார்த்துக் கேட்டது போலத்தான் இருக்கிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். தென்னாப்பிரிக்காவில் மருந்தாளுநர் தொழிலை நடத்துவது 1974-ஆம் ஆண்டின் 53-ஆம் எண் ஃபார்மசி சட்டம். அதன்படி நம்மைக் கண்காணிப்பது ஃபார்மசி கவுன்சில். உள்ளே நுழையும் வாசலில் காவல் பலம். நான்கு வருடப் படிப்பு, ஒரு வருடம் டியூட்டரின் கீழ் இன்டர்ன்ஷிப், பேரைப் பதிவதற்கு முன் கவுன்சில் வைக்கும் தேர்வு, அப்புறம் ஒரு வருடம் அரசு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ சமூக சேவை. இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஒருவர் சொந்தக் காலில் மருந்து கொடுக்க முடியும்.

உள்ளே வந்த பிறகு என்ன நடக்கும் என்பதுதான் உங்கள் கேள்வி. ரொம்ப காலம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வருடக் கட்டணத்தைக் கட்டினால் பேர் பதிவேட்டில் இருக்கும், அவ்வளவுதான். படிப்பவர் படித்தார், படிக்காதவர் படிக்கவில்லை. 2019-இல்தான் தொடர் தொழில் மேம்பாடு, எங்கள் பேச்சில் சி.பி.டி., ஒழுங்குவிதி வழியாகக் கட்டாயமானது. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை ஆறு பதிவுகளாவது கவுன்சிலின் இணையதளத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் நான்கு படி உண்டு. என் வேலையில் எனக்குத் தெரியாதது என்ன என்று யோசிப்பது, எப்படிக் கற்பது என்று திட்டமிடுவது, கற்பது, கற்றதால் வேலையில் என்ன மாறியது என்று பார்ப்பது. உங்கள் அப்பாவின் கெமிஸ்ட்டுக்கும் இதே விதிதான். வயது இவ்வளவு ஆனதும் கடையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. இருக்கவும் வேண்டாம் என்பது என் கட்சி. காரணம் பின்னால் வருகிறது.

காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடைமுறை எப்படி என்றால், கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் எந்த மருந்தாளுநர் வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். மடிக்கணினியும் மீதமிருந்த பிரியாணியுமாக உட்கார்ந்து ஆறு பதிவையும் ஒரே மூச்சில் தட்டிக்கொண்டிருப்பார். "ரத்த அழுத்தம் பற்றிய கருத்தரங்கில் கலந்துகொண்டேன். பயனுள்ளதாக இருந்தது." கருத்தரங்கு என்பது மருந்து கம்பெனி உம்ஷ்லாங்காவில் ஏதோ ஒரு ஹோட்டலில் கொடுத்த டின்னராக இருக்கும். நானும் இப்படி எழுதியிருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. பயனுள்ளதாக இருந்தது சாப்பாடு.

அந்தப் பழக்கத்தை விட்டேன். விட வைத்தது 2020-இல் நடந்த ஒரு விஷயம். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் 850 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை எடுக்கும் ஒரு அக்கா. பல வருட வாடிக்கை. ஸ்கிரிப்டில், அதாவது டாக்டர் சீட்டில், திரும்பத் திரும்ப வாங்க ரிப்பீட் இருக்கும், மாதாமாதம் வருவார், வாங்குவார், போவார். அவருக்கு எச்.ஐ.வி. மருந்தும் உண்டு. அதை எழுதுபவர் வேறு டாக்டர். அந்தச் சமயத்தில்தான் நாடு முழுக்க எஃபாவிரென்ஸ் இருந்த பழைய மாத்திரையிலிருந்து டோலுடெக்ராவிர் இருக்கும் புது மாத்திரைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். 2019 கடைசியில் தொடங்கிய மாற்றம். அக்காவுக்கும் மாற்றினார்கள். இரண்டு டாக்டர்கள், இரண்டு ஸ்கிரிப்ட். இரண்டும் சேர்ந்த ஒரே இடம் என் கவுண்டர்தான்.

நான் படித்த காலத்தில் டோலுடெக்ராவிர் என்ற மருந்தே கிடையாது. மெட்ஃபார்மினைச் சிறுநீரகம் வெளியேற்றும் வழியை அது தடுக்கும். இரண்டையும் சேர்த்து எடுத்தால் உடம்பில் மெட்ஃபார்மினின் அளவு முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடும். அதனால் டோலுடெக்ராவிர் எடுப்பவருக்கு மெட்ஃபார்மின் நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இங்குள்ள வழிகாட்டுதல். அக்கா எடுத்துக்கொண்டிருந்தது 2550.

கணினி எச்சரித்தது. மஞ்சள் கட்டம் ஒன்று திரையில் வந்தது. ஆனால் எங்கள் கணினி காலையிலிருந்து சாயங்காலம் வரை மஞ்சள் கட்டம் காட்டிக்கொண்டே இருக்கும். ஆஸ்பிரினுக்கு ஒரு கட்டம், ஆன்டாசிடுக்கு ஒரு கட்டம். விரல் தானாகவே 'சரி'யை அழுத்திவிடும். முதல் மாதம் அழுத்தினேன். இரண்டாம் மாதமும் அழுத்தினேன். அதோடு நிற்கவில்லை. "வயிறு சரியில்லை தம்பி, போய்க்கொண்டே இருக்கிறது" என்று அவர் சொன்னபோது வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடு எடுத்துக் கொடுத்தேன். ஒரு தரமில்லை, இரண்டு தரம்.

மூன்றாம் மாதம் ஸ்கிரிப்டை எடுத்தது என் இன்டர்ன். பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் படித்து முடித்து வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. மாத்திரைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அங்கிள், இவங்களுக்கு மெட்ஃபார்மின் இவ்வளவு போகலாமா?" என்றாள். "பல வருஷமா எடுக்கறாங்கம்மா" என்றேன். அவள் நகரவில்லை. "இல்ல அங்கிள், இந்த ஏ.ஆர்.வி.யோட" என்றாள். ஏ.ஆர்.வி. என்றால் எச்.ஐ.வி. மருந்து.

அன்றைக்கு டாக்டருக்குப் போன் போட்டோம். அளவு 500 இரு வேளையாக இறங்கியது. சிறுநீரக ரத்தப் பரிசோதனைக்கும் சொன்னார். முடிவு நல்லபடியாக வந்தது. வயிற்றுப்போக்கும் நின்றது. அந்த அக்கா எனக்கு நன்றி சொன்னார். அது இன்னும் எனக்குக் குத்துகிறது.

அந்த வருடம் நான் எழுதிய சி.பி.டி. பதிவுகளில் உண்மையானது அது ஒன்றுதான். எழுதவே இரண்டு மணி நேரம் ஆனது. எனக்குத் தெரியாதது என்ன? டோலுடெக்ராவிர் பற்றித் தெரியாது என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டு, எச்சரிக்கையைப் படிக்காமலே மூடும் பழக்கம் எனக்கு இருக்கிறது என்று எழுதினேன். அதுதான் நிஜம். என்ன செய்தேன்? டோலுடெக்ராவிர் வாங்கும் எல்லாருடைய பேரையும் கணினியிலிருந்து எடுத்து, கூட என்னென்ன மருந்து போகிறது என்று இன்டர்னும் நானும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தோம். மெட்ஃபார்மின், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின். ரிஃபாம்பிசின் கூட இருந்தால் டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் ஒரு வேளை போதாது, இரு வேளை வேண்டும். டாக்டரைக் கூப்பிட வேண்டிய ஆட்கள் இன்னும் இரண்டு பேர் கிடைத்தார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் பார்த்தோம். யாரும் இல்லை. பதிவின் நான்காவது படியில் அதை எழுதினேன்.

இந்த நான்கு படி ஏற்பாடு வெறும் சடங்கு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது எங்கே தொடங்குகிறது என்பதில்தான் விஷயம். ஹோட்டலில் தொடங்கினால் சடங்கு. கவுண்டரில் தொடங்கினால் வேலை செய்கிறது.

ஆனால் அன்றைக்கு என்னைத் திருத்தியது கவுன்சிலும் இல்லை, சி.பி.டி.யும் இல்லை. பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்தாள், அவ்வளவுதான். உங்கள் அப்பாவின் கெமிஸ்ட்டைப் பற்றி நான் கவலைப்படுவதாக இருந்தால் அவருடைய வயதைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன். டிஸ்பென்சரியில் அவர் தனியாளா என்று கேட்பேன். பெரிய மருத்துவமனையில் வேலை பார்ப்பவரின் தவறை வார்டு சிஸ்டர் பார்ப்பார், டாக்டர் பார்ப்பார், அடுத்த ஷிஃப்ட் ஆள் பார்ப்பார். நாற்பது வருடம் தனிக் கடை நடத்துபவரின் தவறை யார் பார்ப்பார்? நோயாளிக்குத் தெரியாது. உதவியாளர் முதலாளியைக் கேள்வி கேட்க மாட்டார். தவறு பழக்கமாகி, பழக்கம் "எங்கள் கடை வழக்கம்" ஆகிவிடும்.

இங்கிலாந்து இதை யோசித்திருக்கிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொதுவான ஜெனரல் ஃபார்மசூட்டிகல் கவுன்சில் முன்பு வருடத்துக்கு ஒன்பது பதிவு கேட்டுக்கொண்டிருந்தது. 2018-இல் மாற்றினார்கள். பதிவு நான்காகக் குறைந்தது. அதோடு இரண்டு புது விஷயம் சேர்ந்தது: தன் வேலையைப் புரிந்த இன்னொருவரோடு உட்கார்ந்து தன் வேலையைப் பற்றிப் பேசியதற்கு ஒரு பதிவு, தொழில் நெறிமுறையின்படி தான் எப்படி நடந்தேன் என்று ஒரு பதிவு. எண்ணிக்கையைக் குறைத்து ஆளைக் கூட்டினார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. நம்முடைய ஆறு பதிவையும் ஒரு மனிதரிடமும் வாய் திறக்காமலே எழுதி முடித்துவிடலாம்.

அந்த அக்கா விஷயத்துக்கு அப்புறம் நாங்கள் நான்கு கடைக்காரர்கள் ஆறு வாரத்துக்கு ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். விதி ஒன்றுதான். வருகிறவர் தன் கடையில் நடந்த ஒரு தவறை, அல்லது மயிரிழையில் தப்பிய ஒன்றைக் கொண்டுவர வேண்டும். நோயாளி பேர் வாயில் வரக் கூடாது. சாப்பாடு வீட்டுக்காரர் பொறுப்பு, புரட்டாசியில் மட்டும் பருப்பும் சோறும். முதல் இரண்டு கூட்டத்தில் எல்லாரும் "என் நண்பர் ஒருவர் கடையில்" என்றே ஆரம்பித்தார்கள். மூன்றாவதில்தான் ஒருவர், "என் கையாலதான்" என்றார். லாமிவுடினுக்குப் பதில் லாமோட்ரிஜின். ஒன்று எச்.ஐ.வி. மருந்து, மற்றது வலிப்பு மருந்து. அலமாரியில் அகர வரிசைப்படி பக்கத்துப் பக்கத்தில். பையைக் கட்டும்போது உதவியாளர் பெண் பார்த்துவிட்டாள். மறு வாரம் நான்கு கடையிலும் அந்த இரண்டு பெட்டியும் வேறு வேறு தட்டுக்குப் போயிருந்தன. எந்தக் கருத்தரங்கும் இதைச் செய்ததில்லை.

இப்படிப் பேச ஏன் இவ்வளவு தயக்கம் என்றால், பயம். இங்கிலாந்தில் 2007-இல் ஒரு லோகம், அதாவது வேறொருவர் இடத்தில் தற்காலிகமாக நிற்கும் மருந்தாளுநர், பிரெட்னிசோலோனுக்குப் பதில் புரோபிரனோலோல் கொடுத்துவிட்டார். நோயாளி வயதான பெண்மணி, பிறகு இறந்துபோனார். 2009-இல் அந்த மருந்தாளுநருக்கு மூன்று மாதச் சிறை, நிறுத்திவைத்த தண்டனை. மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை, கடைசியில் சிறு அபராதமாக முடிந்தது. ஆனால் அந்த ஒரு வழக்கால் அங்கே தொழிலில் இருந்த எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். தவறைச் சொன்னால் ஜெயில் என்றால் யார் சொல்வார்? தெரியாமல் நேர்ந்த தவறைக் குற்றமாகப் பார்க்காமல் தற்காப்பு தரும் சட்டத் திருத்தம் 2018-இல்தான் வந்தது. தவறு செய்தவர் தண்டனையே பெறக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பதிவேட்டிலிருந்து பேரை எடுக்க வேண்டிய ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

தகுதி என்றால் அறிவு மட்டும் இல்லை. கொடீன் கலந்த இருமல் சிரப்பும் வலி மாத்திரையும் கவுண்டரிலேயே, டாக்டர் சீட்டு இல்லாமல், மருந்தாளுநர் முடிவின் பேரில் விற்கக்கூடியவை. வாங்குபவர் பேரை எழுதிக்கொள்ள வேண்டும், அளவுக்கு வரம்பு உண்டு. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பிள்ளை வளர்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 'சுகர்ஸ்' என்ற ஹெராயின் கலந்த போதைப்பொடி எத்தனை வீட்டைத் தின்றது என்று தெரியும். அந்த வழியில் சில பிள்ளைகளின் முதல் படி ஒரு இருமல் சிரப் பாட்டில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருமலே இல்லாமல் வந்து நிற்கும் பையனுக்கு இரண்டு பாட்டில் எடுத்துக் கொடுப்பவர் மருந்தியலில் புலியாக இருக்கலாம். ஆறு பதிவும் ஒழுங்காக எழுதியிருக்கலாம். அவர் தகுதியானவர் இல்லை. இதைப் பிடிக்க எந்தத் தேர்வும் உதவாது. ஆய்வாளர் வந்து, பில்லையும் பதிவேட்டையும் இருப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம் உடம்பு. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கே கண்ணில் புரை வந்தது. வெளிச்சம் போதவில்லை என்று சொல்லிக் கடையில் மூன்று பல்பு மாற்றினேன். பல்பில் கோளாறு இல்லை என்று கண்டுபிடித்தவள் என் மனைவி. தைராய்டு மாத்திரையான எல்ட்ராக்சின் பெட்டியில் 50 என்று இருக்கிறதா 100 என்று இருக்கிறதா என்று நான் தலையைச் சாய்த்துப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறாள். ஆபரேஷன் முடிகிற வரை ஒரு லோகத்தைப் போட்டேன். காசு போனது, சரி. கண், காது, கை நடுக்கம், ஞாபகம், இதெல்லாம் எழுபதில்தான் வரும் என்றில்லை. மன அழுத்தமும் குடியும் முப்பதிலேயே வரும். அதோடு, மார்ஃபின் பெட்டியின் சாவி இடுப்பில் இருக்கும் தொழில் இது. உடல்நலம், மனநலம், போதைப் பழக்கம் காரணமாகத் திறன் குறைந்தவர்களை ஒழுங்கு விசாரணைக்கு இழுக்காமல், சிகிச்சை, கண்காணிப்பு என்ற வழியில் கையாள கவுன்சிலில் தனி ஏற்பாடு உண்டு. சக ஊழியர்கள் அதை நாடுவது குறைவு. "காட்டிக்கொடுத்தவன்" என்ற பேர் வேண்டாம் என்று எல்லாரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

வயது வரம்பு வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்றால், எழுபது வயதுக்காரர்களிடம் இளையவர்களுக்கு இல்லாத ஒன்று இருக்கிறது. ஆளைத் தெரியும். உங்கள் அப்பா கவுண்டருக்கு நடந்து வரும்போதே, போன மாதத்தைவிடக் கால் வீங்கியிருக்கிறது என்று அவர் பார்ப்பார். எழுதப் படிக்க முடியாத ஆயாவிடம், "சூரியன் வந்ததும் வெள்ளை மாத்திரை, விளக்கு வைத்ததும் மஞ்சள்" என்று தமிழில் சொல்வார். பக்கத்தில் நிற்பவருக்கு அதையே ஜுலுவில் சொல்வார். இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு இருபத்தைந்து வயது ஆளை உட்கார வைத்தால் ஒரு ஓட்டையை அடைத்து இன்னொன்றைத் திறப்போம். அந்த எழுபதின் பக்கத்தில் ஒரு இருபத்தைந்தை நிறுத்த வேண்டும். என் கடையில் இன்டர்ன் இல்லாத வருடம் நான் மோசமான மருந்தாளுநர். எனக்கே தெரிகிறது.

வேலையும் மாறிக்கொண்டே போகிறது. கோவிட் காலத்தில் ஊசி போட்டோம். தகுந்த பயிற்சி பெற்ற மருந்தாளுநர்களே எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கலாம் என்று கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த திட்டத்தை டாக்டர்கள் தரப்பில் எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2023 ஆகஸ்டில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் கவுன்சில் பக்கம் தீர்ப்பு சொன்னது. அதிகாரம் கூடக் கூட, பட்டம் வாங்கிய வருடத்துக்கு மதிப்புக் குறைந்துகொண்டே போகும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பொறுப்பு மருந்தாளுநரின் பேர் கடை வாசலில் எழுதியிருக்க வேண்டும். உள்ளே மருந்து கொடுப்பவர் பேர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும். அந்தப் பேரைக் கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுத் தேடினால் பதிவேட்டில் இருக்கிறாரா என்று யாரும் பார்க்கலாம். கட்டணம் இல்லை. ஆனால் இது அவர் பேர் பதிவேட்டில் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும்.

அதற்கு மேல் தெரிய வேண்டுமானால் ஒரு வேலை செய்யுங்கள். அப்பா எடுக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போடுங்கள். கிளினிக்கில் கொடுத்தது, டாக்டர் எழுதியது, சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் வாங்கிய பொடி, அத்தை ஊரிலிருந்து கொண்டுவந்த லேகியம், எல்லாம். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, புதன்கிழமை காலை பத்து மணி நல்ல நேரம், கவுண்டரில் கொட்டி, "அங்கிள், இதெல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் கையைப் பாருங்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கிறாரா, கண்ணாடியைப் போடுகிறாரா, கணினியையோ கையேட்டையோ திறக்கிறாரா, கடைசியாகச் சிறுநீரகப் பரிசோதனை எப்போது செய்தீர்கள் என்று கேட்கிறாரா? "இந்த ஒன்றை மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்கிறாரா? அப்படியென்றால் அப்பா சொல்வது சரி, அந்தக் கை ராசியான கைதான், மாற்றாதீர்கள். பையைத் தொடாமலே "எல்லாம் சரியா இருக்கும்மா, நாப்பது வருஷமா பார்க்கறேன்" என்றால், அடுத்த மாத ஸ்கிரிப்டை வேறு கடையில் கொடுங்கள்.

பையைக் கொண்டுபோகச் சொன்னது யார் என்று அப்பா கோபப்பட்டால் என் பேரைச் சொல்லிவிடுங்கள்.